மாப்பிள்ளை கீப்பர்

பந்தை ஒழுங்காக உதைக்கத் தெரியாதவனுக்குத்தான் டீம் எடுப்பதில் அபாரமான தெளிவு இருக்கும். யாரையும் குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை, என்னைத்தான் சொல்கிறேன். இலஞ்சி அணிக்காக நான் ஒரு நாளும் ஆடியதில்லை. (ஒருமுறை ஆள் குறைகிறது என்று உள்ளே கூப்பிட்டார்கள். நான் ஓடி வந்த அழகைப் பார்த்துவிட்டு, ஆள் குறைச்சலாகவே ஆடிக்கொள்கிறோம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.) ஆனால் மைதானத்துச் சுற்றுச்சுவரில் உட்கார்ந்துகொண்டு, யாரை எடுத்திருக்க வேண்டும், யாரை வீட்டுக்கு அனுப்பியிருக்க வேண்டும் என்று சொல்வதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது.

தென்காசியில் வாங்கிய டீ ஆறுவதற்குள் இலஞ்சி வந்துவிடலாம். அவ்வளவு பக்கத்தில் இருப்பதாலேயே இரண்டு ஊருக்கும் பந்தில் ஆகாது. வருஷா வருஷம் குற்றால சீசனில், சாரல் விழுகிற ஒரு ஞாயிற்றுக்கிழமை, இரண்டு அணிகளும் மோதும். வருஷா வருஷம் நாங்கள் தோற்போம். தோற்றதற்கான காரணத்தை நான் அடுத்த சீசன் வரை விளக்குவேன். எங்கள் டீமை எடுப்பவர் கொம்பையா அண்ணாச்சி. பாவூர்சத்திரத்தில் காய்கறி மண்டி வைத்திருக்கிறார். பாவம், என் விளக்கத்தை அதிகம் கேட்டவர் அவர்தான்.

அக்காவுக்குக் கல்யாணமான வருஷம், மேட்ச் அன்று காலையில் அவரிடமிருந்து போன் வந்தது. பல்லாரி வெங்காய லோடு ஒன்று மழையில் நனைந்து வந்து நிற்கிறது, மண்டியை விட்டு நகர முடியாது என்றார். அப்புறம் கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு, "வருஷம் பூரா சொவத்துல இருந்து டீம் எடுக்கேல்லா, இன்னிக்கு எறங்கி எடுலே" என்று வைத்துவிட்டார்.

எனக்குத் தலை கால் புரியவில்லை. ராத்திரி ராத்திரியாகக் கைப்பேசியில் வெளிநாட்டு மேட்சுகள் பார்த்துச் சேர்த்துவைத்த ஞானம் எல்லாம் திமிறிக்கொண்டு வந்தது. குளத்துக்கரையில் நடந்துகொண்டே டீமைப் போட்டேன். முன்னால் மூன்று பேர், மூன்று பேருமே ஓட்டக்காரர்கள். ஈரத் தரையில் தென்காசிக்காரர்கள் திரும்புவதற்குள் நாங்கள் பந்தோடு அந்தப் பக்கம் போயிருப்போம். கோலில் வழக்கம்போல ஐயப்பன். அருவிக்கு ஆட்டோ ஓட்டுகிறவன். சீசன் கூட்டத்துக்குள் வண்டி ஓட்டிப் பழகியவனுக்கு எந்தப் பக்கத்திலிருந்து எது வந்தாலும் கண்ணில் படும். இவ்வளவு நல்ல டீமை இலஞ்சி அதுவரை பார்த்ததில்லை. (இதுவரையும் பார்க்கவில்லை. அந்த டீம் மைதானத்தில் இறங்கவே இல்லை.)

வீட்டுக்கு வந்தால் நிலைமை வேறு. அன்று எங்கள் வீட்டில் தலை ஆடி விருந்து. கல்யாணம் முடிந்து வருகிற முதல் ஆடிக்கு மகளையும் மருமகனையும் கூப்பிட்டு விருந்து வைப்பார்கள் அல்லவா, அது. அத்தான் சிவகிரிக்காரர், போலீஸ். லீவு கிடைத்தது அந்த ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். காலைப் பலகாரத்தின்போது பேச்சு ஓடாமல் அப்பா தவித்திருக்கிறார். பந்தெல்லாம் ஆடுவீர்களா என்று கேட்டுவைத்திருக்கிறார். அத்தானும் மரியாதைக்கு, டிரெய்னிங்கில் கீப்பராக நின்றிருக்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். நான் குளத்துக்கரையிலிருந்து திரும்புவதற்குள், சிவகிரி மாப்பிள்ளை கோலில் நிற்கிறார் என்று தெரு முழுக்கச் சொல்லி முடித்திருந்தார் அப்பா.

ஐயப்பன் இருக்கிறானே என்று ஆரம்பித்தேன். அம்மா தேங்காய்த் துருவலிலிருந்து கையை எடுக்காமலே, "மாப்பிள்ளைய வெளிய உக்கார வச்சுட்டு நீ வீட்டுக்குள்ள வந்துராத" என்றாள். அவள் சொன்னதும் நியாயம்தான். தலை ஆடிக்கு வந்த மாப்பிள்ளையைச் சொந்த மச்சினனே பெஞ்சில் உட்காரவைத்தான் என்ற செய்தி, மேட்ச் முடிவதற்குள் சிவகிரிக்குப் போய்விடும். அதை என்றென்றைக்கும் காதில் வாங்கப்போவது அக்காதான்.

சரி, இறக்கிவிடுவோம் என்று பார்த்தால், அக்கா செண்பகம் என்னைக் கொல்லைப்பக்கம் தள்ளிக்கொண்டு போனாள். "ஏலே, அவுகள எறக்காத. கல்யாணமானதுலருந்து என்கிட்ட ஸ்டேஷன்ல விசாரிக்க மாதிரிதான் பேசுதாக. சிரிச்ச மொகத்த நான் பாக்கவே இல்ல. இங்கன வச்சு ஊரே அவுகளப் பாத்துச் சிரிச்சுட்டுன்னா, அதுக்கப்புறம் எங்கிட்டப் பேசவே மாட்டாகலே."

அவள் கண் கலங்கியிருந்தது. என்னைத் தலையில் குட்டி வளர்த்தவள், ஒரு மனுஷர் முகத்தைப் பார்த்துப் பார்த்து மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறாள் என்பது எனக்கு அதுவரை உறைக்கவில்லை.

இறக்கினாலும் தப்பு, இறக்காவிட்டாலும் தப்பு. அப்போதுதான் என் மூளை அந்த மகத்தான யோசனையைக் கண்டுபிடித்தது. அத்தானைக் கோலில் நிறுத்துவது, ஆனால் அவரிடம் பந்தே போகாமல் பார்த்துக்கொள்வது. ஓட்டக்காரர்கள் மூன்று பேரில் இரண்டு பேரைப் பின்னால் இழுத்தேன். ஐயப்பனைக் கோலுக்கு முன்னால் தடுப்பாட்டக்காரனாகப் போட்டேன். ஊரில் உயரமானவன், அகலமானவன், அசையாமல் நிற்கத் தெரிந்தவன் எல்லாரையும் அங்கே குவித்தேன். முன்னால் ஒரே ஒருத்தன், அவனும் பேச்சுத்துணைக்கு ஆளில்லாமல். டிரா ஆனால் போதும். இத்தனை வருஷம் ஜெயிப்பதற்காக மனசுக்குள் டீம் எடுத்தவன், கையில் டீம் வந்த அன்று, ஒருத்தரைப் பார்த்து ஊர் சிரித்துவிடக் கூடாது என்பதற்காக எடுத்தேன். அண்ணாச்சி எடுத்த டீம்களிலும் இப்படிக் கொல்லைப்பக்கத்துக் கண்ணீர் ஏதாவது இருந்திருக்குமோ என்று முதல்முறையாகத் தோன்றியது. சுவரில் உட்கார்ந்திருப்பவனுக்கு இதெல்லாம் தெரிய வழியில்லை.

எல்லாவற்றையும் யோசித்த நான், மத்தியானச் சாப்பாட்டை யோசிக்கவில்லை.

அன்று எங்கள் வீட்டில் சொதி. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை விருந்து என்றாலே சொதிதான். கெட்டித் தேங்காய்ப்பாலில் பாசிப்பருப்பும் காய்களும் போட்டு வைப்பது. ஒரு கரண்டி சாப்பிட்டால் அமிர்தம், நாலு கரண்டி சாப்பிட்டால் உடம்பு பாய் தேடும். அந்த மந்தத்தை முறிக்கத்தான் கூடவே இஞ்சிப் பச்சடி வைப்பார்கள். இலையில் மாமியார் ஊற்றும்போது கையை மறிக்கக் கூடாது என்று அத்தானுக்கு அவர் அம்மா சொல்லி அனுப்பியிருந்தாராம். மாப்பிள்ளை போதும் என்று சொல்லும்வரை ஊற்ற வேண்டும் என்பது என் அம்மாவின் கொள்கை. இவர் சொல்லவில்லை, அவளும் நிறுத்தவில்லை. இஞ்சிப் பச்சடி? மேட்ச் பதற்றத்தில் அதைக் கிண்ணத்தோடு நான் காலி செய்திருந்தேன்.

சாரலும் மலைக்காற்றுமாக மேட்ச் ஆரம்பித்தது. என் யோசனை நான் நினைத்ததைவிட நன்றாகவே பலித்தது. தென்காசிக்காரர்கள் எந்தப் பக்கம் வந்தாலும் எங்கள் ஆள் ஒருத்தன் மேல் மோதினார்கள். இடைவேளை தாண்டியும் கோலில்லை. அத்தானிடம் ஒரு பந்துகூடப் போகவில்லை. தொப்பியை முன்னுக்குத் தள்ளி, கையைக் கட்டி, கம்பத்தில் சாய்ந்து கம்பீரமாக நின்றார். போலீஸ் நிற்பே தனிதான் என்று பக்கத்தில் ஒருவர் சொன்னார். அப்பா துண்டைத் தோளில் சரிசெய்துகொண்டார். குடைக்குள் நின்ற அக்காவைப் பார்த்து நான் தலையை ஆட்டினேன், எல்லாம் சரியாகப் போகிறது என்று.

முடியப்போகிற நேரம். தென்காசிக்காரன் ஒருவன், சும்மா வெளியே தள்ளுவதுபோல நடு மைதானத்திலிருந்து ஓர் உதை விட்டான். விரட்டி வர ஆளே இல்லை. பந்து ஈரத்தில் சோம்பலாக உருண்டது. கீப்பர் எடுத்துக்கொள்வார் என்று ஐயப்பன் மரியாதையாக விலகி நின்றான். மாப்பிள்ளைக்கு வருகிற பந்து அல்லவா. அது உருண்டுகொண்டே போய், அத்தானின் பூட்ஸை உரசாத குறையாகக் கடந்து, கோலுக்குள் போய் உட்கார்ந்தது. அவர் அசையவில்லை. அப்போதுதான் ஊருக்கே புரிந்தது, அந்தக் கம்பீரம் முழுக்கத் தூக்கம் என்று.

ரெஃப்ரி விசில் ஊதினார். விசில் சத்தம் கேட்டதும் அத்தான் கண்ணைத் திறந்தார், விறைப்பாக நிமிர்ந்தார், ரெஃப்ரிக்கு ஒரு சல்யூட் அடித்தார்.

போலீஸ்காரரைப் பார்த்து முதலில் சிரிக்க யாருக்கும் துணிச்சல் வரவில்லை. பிறகு ஒரு சிரிப்புக் கேட்டது. அக்கா. வாயைப் பொத்திப் பார்த்தாள், முடியவில்லை. குடையைக் கீழே விட்டுவிட்டு, மழையில் நனைந்தபடி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அத்தான் திரும்பி அவளைப் பார்த்தார். வலைக்குள் கிடந்த பந்தைப் பார்த்தார். மறுபடி அவளைப் பார்த்தார். பிறகு அவரும் சிரிக்க ஆரம்பித்தார். நாங்கள் யாரும் அதுவரை பார்க்காத அந்த முகத்தில் ஒரு பக்கம் குழி விழுந்தது.

அப்பா தலையைக் குனிந்துகொண்டு அவரிடம் போனார். அத்தான், "நீங்க ஏன் மாமா வருத்தப்படுதிய? அத்தை வச்ச சொதியச் சாப்பிட்டா அந்த ரெஃப்ரியும் தூங்கத்தான் செய்வாரு" என்றார்.

அந்த வருஷமும் தோற்றோம். ஆனால் அன்று வீட்டுக்குத் திரும்பும்போது, எப்போதும் நாலடி முன்னால் நடக்கிற அத்தான் அக்காவின் குடைக்குள் நடந்தார். சல்யூட்டை அவள் செய்து காட்டச் சொன்னாள் போல, தெருமுனையில் இன்னொன்று அடித்தார். கையில் கிடைத்த ஒரே டீமில் நான் தப்பாக எடுக்காத ஆள் அவர் ஒருத்தர்தான்.

கொம்பையா அண்ணாச்சி நடந்ததைக் கேட்டு மண்டியிலேயே உட்கார்ந்துவிட்டாராம். அதன்பிறகு நான் அவருக்கு யோசனை சொல்வதில்லை. டீம் எப்படி என்று யாராவது கேட்டால், நல்ல டீம் என்று மட்டும் சொல்கிறேன். எங்கள் வீட்டில் சொதி வைத்தால், இஞ்சிப் பச்சடிக் கிண்ணம் எனக்கு எட்டாத இடத்தில்தான் இருக்கும்.

அக்காவுக்கு இப்போது ஒரு கைப்பிள்ளை. அத்தானைக் கொண்டு பிறந்தவள், ஒரு பக்கம் குழி விழும். ஆனால் லேசில் தூங்கமாட்டாள். அக்கா பாடி ஓய்ந்து, அம்மா ஆட்டி ஓய்ந்த பிறகு, அத்தான்தான் முகத்தில் சிரிப்பே இல்லாமல் சொல்வார்: "அவ மாமங்கிட்டக் குடுங்க. நின்னுக்கிட்டிருந்த ஆளையே தூங்க வச்சவன்லா."

கொடுமை என்னவென்றால், என் தோளில் போட்டதும் அவள் தூங்கிவிடுகிறாள்.