பத்து நிமிடம் சும்மா இருந்தால்

“மலைமேல ஒத்தையில உக்காந்து இந்த வேலையப் பாக்க முடியுமா கண்ணு? பேச்சுத் துணைக்குக்கூட ஆளிருக்காது. ஒரு மாசம் தாங்க மாட்டே.”

வேலையில் சேர்ந்த அன்று டைம்அவுட் அக்கா போனில் சொன்னது இது. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். தாங்க மாட்டாய் என்றால் தாங்கியே தீருவேன்.

சும்மா இருப்பதை அக்காவைப் போல வெறுத்தவர் இந்தப் பூமியில் கிடையாது. சேலம் ஆபீசில், எனக்கு மேலதிகாரியாக அவர். நாகலூரில், காபி எஸ்டேட்டுகளுக்கு நடுவே என் வீட்டில் நான். கம்பெனிக் கிளைகளை இணையத்தோடு இணைக்கும் ரவுட்டர்களும் சுவிட்சுகளும் விதிப்படி அமைக்கப்பட்டிருக்கின்றனவா என்று சரிபார்ப்பது எங்கள் வேலை. விதிகள் நிறைய. அக்காவின் உயிர் ஒரே விதியில்தான்: கருவிக்குள் நுழைந்தவர் பத்து நிமிடம் எதையும் தட்டாமல் இருந்தால், ‘டைம்அவுட்’ ஆகித் தொடர்பு தானாகத் துண்டிக்கப்பட வேண்டும். இல்லாவிட்டால் அந்தத் திறந்த கதவு வழியே யாரும் நுழையலாம்.

அந்த விதியை அவர் மனிதர்களுக்கும் நீட்டிவிட்டார். அவரைப் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை வாயே திறக்காமல் பஜ்ஜி தின்றாராம். “சரிங்க, கிளம்புங்க” என்று தட்டை எடுத்துவிட்டாராம். அதோடு கல்யாணப் பேச்சும் துண்டிக்கப்பட்டது.

போனில் சட்டம் இன்னும் கடுமை. திரையைப் படித்தபடி நான் கொஞ்சம் வாய் மூடினாலும் லைன் கட். அதனால் விடாமல் ‘ம்... ம்...’ என்பேன். எஸ்டேட்டிலிருந்து திரும்பிய அம்மா கேட்டார்.

“ஆரு கண்ணு கதை சொல்றாங்க, இப்படி ம் கொட்டறே?”

“கதையில்லம்மா, ஆபீசு.”

“ம் கொட்டறதுக்கா இவ்வளவு படிச்சே?”

போனை வைத்தால் மூடுபனி மட்டும்தான். அம்மாவும் அப்பாவும் வரும்வரை என் குரலே எனக்குக் கேட்காது. இதை அக்காவிடம் சொன்னதில்லை. சொன்னால் அவர் ஜெயித்துவிடுவாரே!

என் வேலை நிரந்தரமாக வேண்டிய மாதம், சரிபார்ப்பில் ஒரு ரவுட்டர் தேறவில்லை. பத்து நிமிட விதியை யாரோ அதில் முழுவதுமாக நிறுத்தியிருந்தார்கள். இடம், நாகலூர். என் மேசைமேல் பச்சை விளக்கைச் சிமிட்டிக்கொண்டிருந்த, கம்பெனி கொடுத்த ரவுட்டரேதான். தவறு என் பெயரில் விழுந்தால் வேலை போச்சு. சத்தமில்லாமல் திருத்திவிடலாமா என்று கை போனது. அதற்குள் கடைசியாக மாற்றியவர் பெயர் கண்ணில் பட்டது.

“ஏனுங்கக்கா, என் ரவுட்டர்ல டைம்அவுட்டை நிறுத்துனது நீங்களா?”

டைம்அவுட் அக்கா சும்மா இருந்தார்! நானும் லைனைத் துண்டிக்கவில்லை.

“மழை பேஞ்சா உன் லைன் போயிருது. நீ இருக்கறயா இல்லையான்னே தெரியல. அதான் காலைல உன் ரவுட்டருக்குள்ள நுழைஞ்சு அப்படியே திறந்து வச்சுக்குவேன். அது அறுந்து போகாத வரைக்கும் நீ அங்க இருக்கேன்னு ஒரு தெம்பு. இங்க மத்தவங்க எல்லாம் ஊட்ல இருந்து வேலை பாக்கறாங்க. நானும் நொம்ப நாளா ஒத்தையிலதான் கண்ணு.”

“இப்ப நான் என்னங்க எழுதறது?”

“தப்புன்னு எழுது. எம் பேரைப் போட்டு எழுது. எழுதாம உட்டே, உன்னைத் தேற உடமாட்டேன்.”

எழுதினேன். எனக்கு வேலை நிரந்தரமானது. அக்காவுக்கு எச்சரிக்கைக் கடிதம் போனது. அதிலும் இரண்டு தப்புகளைக் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பினாராம்.

ரவுட்டரில் மறுபடியும் பத்து நிமிடம் வைத்துவிட்டேன். விதி விதிதான். ஆனால் நாங்கள் இருவரும் இதுவரை நேரில் பார்த்துக்கொண்டதே இல்லை. போய் அவர் எதிரில் பதினோரு நிமிடம் வாய் திறக்காமல் உட்காரப் போகிறேன். கிளம்பு என்கிறாரா பார்க்கலாம். நான் ஏறிய சேலம் பஸ் ஒண்டிக்கடை நிறுத்தத்தைத் தாண்டிவிட்டது.