எபனேசர் காணிக்கைப் பையுள் கைவிட்ட காதை

வாழி எபனேசர்! சாரல் குளிப்பாட்டும் தென்காசித் திருநகரில், கட்டைப்பை ஏந்திய கரத்தினர், தள்ளுபடி என்னும் சொல் செவி புகுமுன் கடை புகும் காலினர், சலவைச்சோப்பு மலைகள் சூழ்ந்த சிறுவீட்டின் கோமான், எங்கள் அண்ணாச்சி வாழி! அவர் புகழைப் பாடப் புகும் என் நாவுக்கு, ஐந்தருவியே, உன்னில் ஓர் அருவியைக் கடன் தா. நான்கு போதும் உனக்கு.

அவர் ஈட்டிய பெருநிதி யாதெனில், குற்றாலம் சாலைப் பல்சரக்குக் கடையார் சாமான் வாங்கியோருக்கு அருளிய கூப்பன். நூறு ரூபாய்த் தாளின் அளவு, அதே ஊதா நிறம். காந்தி இருக்குமிடத்தில் மட்டும் பல் தெரியச் சிரிக்கும் கடை முதலாளி. இருபது சேர்த்தோருக்கு ஒரு குக்கர். அந்த இருபதாவதற்காக, நாயே இல்லாத வீட்டுக்கு நாய்ப் பிஸ்கட் வாங்கிய தியாகத்தை எந்தக் கல்வெட்டு சொல்லும்? "இன்னைக்குக் கடைசி நாளு. குக்கர் வரலன்னா இனிமே கடைக்கு நான்தான் போவேன், நீங்க போகப்பிடாது" என்று மனைவி எப்சிபா காலையிலேயே ஆணையிட்டிருந்தாள். அண்ணாச்சிக்கு அது அரியணை பறிபோவதற்குச் சமம்.

அன்று ஞாயிறு. இருபது கூப்பன்களும் சட்டைப்பையில் துயில, ஆராதனையில் காணிக்கைப் பை வந்தது. பக்திப்பெருக்கில் கண்மூடியிருந்த எபனேசர், மடித்த தாளொன்றை உருவி உள்ளே இட்டார். பிறகு சட்டைப்பையைத் தடவினால், காணிக்கைக்கென வைத்த பத்து ரூபாய் பத்திரமாக இருந்தது. கூப்பன்தான் பத்தொன்பது இருந்தது.

எழுந்தார். பாட்டுப்புத்தகங்கள் சிதற, பலர் கால்விரல்கள் நசுங்க, மலையிறங்கிய யானை வாழைத்தோப்பில் புகுந்தாற்போல வரிசைகளைக் கடந்து, பையேந்திய சபை ஊழியர், கோயில்குட்டி செல்லப்பாவை மறித்து, முழங்கை வரை கையை உள்ளே விட்டார். செல்லப்பாவோ இருகரத்தாலும் பையின் வாயை நெரித்தார். ஜெபத்தில் மூடியிருந்த சபையின் கண்கள் அத்தனையும் திறந்துகொண்டன.

"அண்ணாச்சி, போடுத பையில கைய விட்டு எடுக்குதீயளே!" என்று முழங்கினார் செல்லப்பா.

"நான் போட்டது ரூவாயே இல்ல, விடும்வே!" என்று எதிர்முழக்கமிட்டார் எபனேசர்.

இவ்வரிய வாக்குமூலம் கேட்டுப் பாடகர் குழு பாட்டை நிறுத்தியது. எப்சிபா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

இழுத்தார், திருகினார், விடுபட்டார்! விரல்நுனியில் மடித்த ஊதாத்தாள் ஒன்று வெற்றிக்கொடியாய் ஆடியது. பிரித்துப் பார்க்க நேரமேது? பத்து ரூபாயைப் பைக்குள் எறிந்து, தாளை மற்றவற்றோடு சொருகி, குடையின்றிச் சாரலில் இறங்கி, அருவிக்கு விரையும் வேன்களின் ஆரன்களே போர்ப்பறையாக ஓடிக் கடை புகுந்து, இருபதையும் மேசைமேல் அறைந்து, "எடும்மா குக்கரை!" என்று கர்ஜித்தார்.

கடைப்பெண் நூர்நிஷா ஒவ்வொன்றாகப் பிரித்து அடுக்கினாள். ஒன்றை மட்டும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"இது செல்லாது அண்ணாச்சி, நெசமான நூறு ரூவா."