மேகலா துப்பிய நற்செய்தி

ஓசூர்,
ஞாயிற்றுக்கிழமை.

மத்தூரில் மாந்தோப்போடும் என்மேல் கோபத்தோடும் இருக்கும் என் மனைவியின் அண்ணன், மதிப்புக்குரிய மணிவேல் மச்சான் அவர்களுக்கு, கிருஷ்ணப்பன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு எல்லோரும் சுகம். போனைத் தாங்கள் எடுப்பதில்லை, அதனால்தான் கடிதம்.

என் மகள் மேகலாவுக்குப் பிறந்ததிலிருந்தே புரதம் ஆகாது, பால் பருப்பு முட்டை எதுவும் கிடையாது, பெங்களூர் டாக்டர் தரும் பவுடரை மூன்று வேளையும் கரைத்துக் குடித்தால்தான் மூளைக்குப் பழுது வராது என்பது தாங்கள் அறிந்ததே. அதோட கலக்கச் சொல்லி தனியா ஒரு பொட்டலம் வருமில்ல, அதுல ‘ஜிங்க் சல்பேட்’னு போட்டிருந்துச்சு மச்சான். நான் பதினாறு வருஷமா ஜிங்க் பிளேட்டிங்ல, அதான் இரும்புக்குத் துத்தநாக முலாம் பூசுற வேலை பாக்குறவன், தொட்டியில கொட்டுற சாமானைப் புள்ளைக்குக் குடுக்குறானுங்களான்னு ஆத்திரத்துல அவ்வளவையும் குப்பையில போட்டுட்டேன், உங்க தங்கச்சிகிட்டகூடச் சொல்லல. கொஞ்ச நாள்ல முடி கொத்துக் கொத்தா கொட்டுது, வாயைச் சுத்திப் புண்ணு. நீங்கதான் திருட்டுத்தனமா கடலை மிட்டாய் குடுத்தீங்கன்னு உங்க வாசல்லயே வந்து கத்துனேன். ஆனா எப்பவும் அடம் பிடிக்கிறவ, பவுடரை மட்டும் முணுமுணுக்காம குடிச்சா; பொண்ணு திருந்திட்டான்னு ஷிஃப்ட் முழுக்கப் பெருமையடிச்சேன்.

ரத்தம் பாத்தா உடம்புல ஜிங்க்கே இல்லையாம்! "துளிதான் வேணும், அந்தத் துளி இல்லன்னா நாக்குக்கு ருசியே தெரியாது, அதான் பேசாம குடிக்குது"ன்னாரு டாக்டர். அப்புறம், "நீங்க என்ன வேலை பாக்குறீங்க?"ன்னாரு. சொன்னேன். கண்ணாடியைக் கழட்டி வெச்சுட்டு, மருந்துச் சீட்டுல ‘ஜிங்க்’னு பெருசா எழுதி, ரெண்டு கோடு அடியில போட்டு என்கிட்ட நீட்டினாரு. என் புள்ள நாக்கை நானே சாகடிச்சேனேன்னு பஸ்ல வர்ற வழி முழுக்க அழுதேன் மச்சான்.

மருந்து குடுத்து மூணு வாரம். இன்னைக்குக் காலையில பவுடரை ஒரு வாய் வெச்சா, "த்தூ! என்னப்பா, இப்படி நாறுது!"ன்னு என் சட்டை மேலயே துப்பினா! நான் போட்ட கூச்சல்ல பக்கத்து வீட்டு முனிலட்சுமி என்னாச்சோன்னு பதறி, கன்னடத்துல "ஏனாயித்து?"ன்னு கேட்டுக்கிட்டே ஓடி வந்தாங்க. "துப்பிட்டா, துப்பிட்டா!"ன்னு தெரு பூரா கற்கண்டு குடுத்தேன். என்னை மன்னிச்சிருங்க. ஒரே ஒரு சிக்கல், இப்ப டம்ளரைத் தொடவே மாட்டேங்குறா. உங்களுக்குத்தான் பயப்படுவா, நேர்ல வந்து ரெண்டு அதட்டு போடுங்க.

தோப்பில் பூத்ததெல்லாம் காயாகட்டும், தங்கள் கோபம் உதிரட்டும்.

இப்படிக்கு,
கிருஷ்ணப்பன்

பி.கு.: அதட்டு வேண்டாம் மச்சான். கவரை ஒட்டுறதுக்கு முன்னாடி, அவ வெச்ச மிச்சத்தை நான் ஒரு வாய் குடிச்சுப் பாத்தேன். முழுங்க முடியல, துப்பிட்டேன். ஒன்பது வருஷமா எம் புள்ள இதையா குடிச்சா?