சதுரானந்தர்

“தங்கச் சதுரத்துக்கு முன்னால போய் நின்னேன்னா, ‘நான்’ங்கிற ஒண்ணே என்கிட்ட இருக்காது!”

இப்படி முழங்கும் ஜீவராசி ஒன்று உண்டு, வாசகரே. நவீன ஓவியக் கண்காட்சி எங்கே நடந்தாலும் தேநீர் வருவதற்குச் சற்று முன்னதாக வந்து சேரும், தலையை ஒருபக்கம் சாய்க்கும், ஒரு கண்ணை மூடும், அப்படியே பின்னால் நகர்ந்து யாருடைய காலையாவது மிதிக்கும், மிதிபட்டவரிடமே திரும்பி, “பாத்தீங்களா, அந்த முக்கோணம் மூச்சு விடுது!” என்று சொல்லும். முக்கோணமாவது, மூச்சு விடுவதாவது? கேட்டுவிடாதீர்கள். விளக்கிவிடும்.

நமக்குத் தெரிந்த சதுரானந்தர் (இது நண்பர்கள் வைத்த பெயர், மனைவி வைத்தது அச்சில் ஏறாது) அன்று கொழுந்தியாளின் முதல் கண்காட்சிக்கு வந்திருந்தார். கறுப்புக் கட்டங்களுக்கு நடுவே, மெல்லிய தங்க ரேக்குத் தாள் ஒட்டித் தேய்த்துத் தேய்த்து, முகம் தெரியும் அளவுக்குப் பளபளக்க வைத்த ஒரு பெரிய சதுரம். அந்தப் படம் விலைபோனால் அவள் தொடர்ந்து வரையலாம். போகாவிட்டால், அத்தான் பார்த்து வைத்திருக்கும் குமாஸ்தா வேலை.

ஒரு பல் டாக்டர் அதன் முன்னால் வெகுநேரம் நின்றார். “கிளினிக்ல மாட்டலாம்னு பாக்கறேன். காத்திருக்கறவங்க பயமில்லாம உக்காந்திருப்பாங்க.”

அவள் வாயைத் திறப்பதற்குள் சதுரானந்தர் புகுந்துவிட்டார். “பயமில்லாமலா? டாக்டர், இந்தக் கறுப்புக் கோடெல்லாம் வலி. நடுவுல தங்கம் இருக்கே, அதுதான் மரணம். எல்லாரும் அங்கதான் போயிட்டிருக்கோம்.”

“என் கிளினிக்லேர்ந்தா?” என்றார் டாக்டர்.

“அத்தான், டீ ஆறிடப் போகுது. போய்க் குடிங்களேன்.”

“இரும்மா. வரைஞ்சவங்களுக்கு இதெல்லாம் புரியாது, டாக்டர்.”

டாக்டர் வாசலைப் பார்த்து நடையைக் கட்டினார். அவள் பின்னாலேயே ஓடினாள். “மரணமும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல, டாக்டர்! சாயங்காலம் எங்க வீட்டு ஜன்னல் வழியா வெயில் கட்டங்கட்டமா விழும். அதைத்தான் வரைஞ்சேன்.”

டாக்டர் நின்று, திரும்பி, இன்னொரு முறை பார்த்தார். “அட, வெயிலா! அப்ப குடுத்துடுங்க.”

இருவரும் விலை பேச உள்ளறைக்குப் போனார்கள். “வெயிலாம் வெயில்!” என்று முணுமுணுத்தபடி சதுரானந்தர் தனியாக நின்றார்.

சிரிக்கிறீர்களா? தாராளமாக. ஆனால் பக்கத்தில் யாரோ “அழகா இருக்கு” என்று சொன்ன மாத்திரத்தில், “அழகு மட்டுமா தெரியுது உங்களுக்கு?” என்று தொண்டையைச் செருமிய நாள் உங்களுக்கு உண்டா, இல்லையா? எனக்கென்ன, நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள்.

சதுரானந்தர் சுற்றுமுற்றும் பார்த்தார். யாருமில்லை. தங்கச் சதுரத்தை நெருங்கி, தலையை ஒருபக்கம் சாய்த்து, ஒரு கண்ணை மூடினார். பிறகு சட்டைப் பையிலிருந்து சீப்பை எடுத்து, வகிடு நேர்கோடாகும் வரை சீவிக்கொண்டார்.