அம்மிக்கு இன்சூரன்ஸ்

"கல்லு ஒடையாதுங்க சார்."

பென்னாகரம் கூரியர் கிளையில் கவுன்ட்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த ஜாஸ்மின் இதைத் தன் சொந்தக் கருத்தாகச் சொல்லவில்லை. தலைமை அலுவலகம் அனுப்பியிருந்த பதிலைச் சுருக்கிச் சொன்னாள், அவ்வளவுதான்.

"ஒடஞ்சிருக்குதேம்மா!" என்றார் மாதவராஜ்.

"அதுக்குத்தாங்க சார் பதில் போட்டிருக்காங்க. 'பொருள்: கல். கல் எளிதில் உடையும் பொருள் அல்ல. ஆகவே அது வழியில் உடைந்திருக்க முடியாது. இழப்பீடு நிராகரிக்கப்படுகிறது.'"

மாதவராஜுக்குக் காது சிவந்தது. ஓர் அரசு அலுவலகத்தில் காலமெல்லாம் பிறர் மனுக்களைத் திருப்பி அனுப்பியே ஓய்வு பெற்றவர் அவர். இனிஷியலில் புள்ளி வைக்காதவனையும், நீல மையில் எழுதவேண்டியதைக் கறுப்பில் எழுதியவனையும் செருப்புத் தேய நடக்கவிட்ட மகான். 'நிராகரிக்கப்படுகிறது' என்று அவருக்கு எழுதித்தான் பழக்கம், வாங்கிப் பழக்கமில்லை.

விஷயம் இதுதான். மகள் பிரியதர்ஷினிக்குக் கல்யாணமான புதிதில் மாப்பிள்ளை கதிரவன் ஏரியூருக்கு விருந்துக்கு வந்திருந்தார். மாமியார் சோபனா அம்மியில் அரைத்த கடலைச் சட்னியைக் களிக்குத் தொட்டுச் சாப்பிட்டுவிட்டு, "மிக்ஸியில அரைக்கறதெல்லாம் ஒரு சட்னிங்களா மாமா? கல்லுல அரைச்சாத்தான் ருசி, ஆரோக்கியம் எல்லாம்" என்றார்.

"நம்ம வூட்டுக்குள்ள மிக்ஸிய வுட்டதே இல்லீங்க மாப்ள!" என்று மார்தட்டினார் மாதவராஜ்.

மாமனாரும் மருமகனும் ஏப்பம் விட்டபடி அம்மியின் பெருமையைப் பொழுது சாயும்வரை பேசினார்கள். இருவரில் ஒருவர்கூடப் பிறந்ததிலிருந்து குழவியைத் தொட்டதில்லை. தொட்டவள் சமையலறையில் தைலம் தேய்த்து மணிக்கட்டை நீவிக்கொண்டிருந்தாள்.

அந்த வாரமே அம்மியும் குழவியும் சாக்கில் சுற்றப்பட்டு, இன்சூரன்ஸ் கட்டப்பட்டு, கூரியரில் பெங்களூருக்குப் போயின. சோபனா தடுக்கவில்லை. அன்று சாயங்காலமே கடைக்குப் போய் மிக்ஸி வாங்கிவந்துவிட்டாள்.

அம்மி இரண்டு துண்டாக வந்து சேர்ந்திருக்கிறது என்று மகளிடமிருந்து போன் வந்தது. பின்னாலேயே சம்பந்தியம்மா காசியம்மாளும் பேசினார். தீர்த்தமலைக்குச் சாமி கும்பிடப் போய்விட்டு அன்றுதான் மகன் வீட்டுக்குத் திரும்பியிருந்தார் அவர்.

"ஏங்க அண்ணா, விரிசல் வுட்ட கல்லத்தான் புள்ளைக்குச் சீரா அனுப்புவீங்களா? வூட்டுக்குள்ள ஒடஞ்ச அம்மி வந்தா குடும்பத்துக்கு ஆவுமா?"

இந்தப் பேச்சுதான் மாதவராஜின் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. அவருக்குப் பணம் வேண்டாம். 'எங்கள் வண்டியில்தான் உடைந்தது' என்று கூரியர்காரன் ஒத்துக்கொள்ள வேண்டும், அதைச் சம்பந்தியம்மா முகத்துக்கு நேரே காட்ட வேண்டும். அதுவரை அந்த வீட்டில் ஒரு வாய் தண்ணீர்கூட அவரால் தலைநிமிர்ந்து குடிக்க முடியாது.

"விட்டுடுங்கப்பா" என்றாள் பிரியதர்ஷினி போனில். பின்னால் டங்கு டங்கென்று ஏதோ இடிக்கும் சத்தம். "மேல்வூட்டுல டைல்ஸ் மாத்தறாங்க. ஒரு கல்லுக்காக நீங்க ஏன்பா அலையறீங்க?"

"அப்பன் அலையறது பொறுக்கல பாரு இவளுக்கு!" என்று மனைவியிடம் உருகினார் மாதவராஜ். பிறகு போனில், "அடிமேல அடி அடிச்சா அம்மியும் நகரும்மா. நீ கவலப்படாத" என்றார்.

மறுமனுவில் தன் சாமர்த்தியத்தை எல்லாம் இறக்கினார். 'இது சாதாரணக் கல் அல்ல. கண்ணாடியைப் போல் எளிதில் உடையக்கூடிய மிக மென்மையான கல்' என்று எழுதினார்.

பதில் உடனே வந்தது. ஜாஸ்மின் படித்தாள். "'எளிதில் உடையும் பொருள் என்பதைப் பதிவு செய்யும்போது மறைத்துவிட்டீர்கள். ஆகவே நிராகரிக்கப்படுகிறது.' போட்டோ இருந்தா போட்டுப் பாருங்க சார்."

மகளிடம் போட்டோ கேட்டார். அவள் இன்றைக்கு நாளைக்கு என்று இழுத்தடித்து, அப்பா விடமாட்டார் என்று தெரிந்ததும் அனுப்பினாள். அதைப் பார்த்துவிட்டுத் தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரியே போனில் வந்தார்.

"சார், நீங்க புக் பண்ணது ஒரு ஐட்டம். போட்டோல மூணு இருக்கு. ரெண்டு ஐட்டம் எக்ஸ்ட்ரா அனுப்பியிருக்கீங்களே?"

"அதுல ரெண்டு அம்மிங்க, ஒண்ணு குழவி."

"அப்ப ரெண்டு அம்மி அனுப்பினீங்களா?"

"ஒரு அம்மிதாங்க அனுப்பினேன்! அதைத்தான் நீங்க ரெண்டா ஆக்கி வெச்சிருக்கீங்க!"

"கோபப்படாதீங்க சார். என்ன கம்பெனி, என்ன மாடல்னு சொல்லுங்க. வாரண்டி கார்டு இருக்கா?"

"எங்க பாட்டன் காலத்து அம்மிங்க அது!"

"அப்ப வாரண்டி முடிஞ்சிருக்கும் சார்."

இப்படி ஓர் ஆளுக்கும் மாதம் பிறந்தால் சம்பளம் தருகிறார்களே என்று மாதவராஜ் பல்லைக் கடித்தார். தன் சம்பளத்தைப் பற்றியும் ஊரில் பலர் இப்படித்தான் பல்லைக் கடித்திருப்பார்கள் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை.

அடுத்து, கல்லை நேரில் பரிசோதித்தால்தான் நம்புவோம் என்றார்கள். உடைந்த துண்டுகளைச் சென்னைக்கு அனுப்ப வேண்டுமாம்.

"எதுல அனுப்பறது?"

"நம்ம கூரியர்லயேதாங்க சார்" என்றாள் ஜாஸ்மின், அவர் முகத்தைப் பார்க்காமல்.

மகள் அழாத குறையாக மறுத்தும், விரட்டி விரட்டி அனுப்பவைத்தார். அந்தக் கம்பெனி தொடங்கிய நாளிலிருந்து எந்தப் பார்சலையும் அவ்வளவு பத்திரமாகக் கொண்டுபோயிருக்க மாட்டார்கள். பரிசோதனை அறிக்கை வந்தது.

"'பொருள் எந்த நிலையில் அனுப்பப்பட்டதோ அதே நிலையில், சிறிதும் சேதமின்றி வந்து சேர்ந்தது. எங்கள் சேவையில் இந்தப் பொருள் உடைவதில்லை என்பது இதனால் உறுதியாகிறது.'" ஜாஸ்மின் சிரிப்பை அடக்கக் குனிந்து செருப்பைச் சரிசெய்தாள்.

காசியம்மாள் போனில் கேட்டார். "கல்ல எதுக்குங்க அண்ணா மெட்ராசுக்கு அனுப்பினீங்க? ஒட்டிக் குடுப்பாங்களா?"

அதற்குமேல் மாதவராஜ் மனு எழுதவில்லை. நேராகக் கூரியர் கிளைக்குப் போய், வாசல் பக்கம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். புளி மூட்டையோடு வருபவர், மகனுக்கு முறுக்கு அனுப்ப வருபவர், யாரையும் விடவில்லை. "இன்சூரன்ஸ் கட்டப் போறீங்களா? இப்படி உக்காருங்க, என் கதையக் கேட்டுட்டு அப்புறமாக் கட்டுங்க" என்று ஆரம்பத்திலிருந்து ஆரம்பிப்பார். கதை நீளமானது. பாதியிலேயே ஆட்கள் பார்சலைத் தூக்கிக்கொண்டு எதிர்க்கடைக்குப் போனார்கள்.

கடைசியில் வியாபாரம் படுத்து நொந்துபோயிருந்த கிளை முதலாளி கையெடுத்துக் கும்பிட்டார். "எங்க வண்டியிலதான் ஒடஞ்சதுன்னு எழுதியே தர்றங்க. புது அம்மியும் வாங்கித் தர்றோம். நாளையிலிருந்து மட்டும் வராதீங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

புது அம்மியை மாதவராஜே தேர்ந்தெடுத்தார். பழையதைவிட அகலம், பழையதைவிடக் கனம். எழுத்தில் வாங்கிய ஒப்புதலைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். கூரியர் என்ற பேச்சே வேண்டாமென்று கல்லைத் தானே பஸ்ஸில் கொண்டுபோகக் கிளம்பினார்.

"காயிதத்த மட்டும் எடுத்துக்கினு போங்களேன். கல்லு எதுக்குங்க அந்தப் புள்ளைக்கு?" என்றாள் சோபனா.

"உனக்கு ஒண்ணும் தெரியாது. வாய மூடு."

பஸ்ஸில் ஒகேனக்கல் மீன் கூடைக்கும் சுற்றுலாக்காரர் பைகளுக்கும் நடுவே அம்மியை ஏற்றினார். "என்னங்க பெரியவரே, கோயில் கட்டவா போறீங்க?" என்றார் கண்டக்டர். மாதவராஜ் காதில் வாங்கவில்லை. வெற்றி பெற்றவனுக்குக் காது சற்று மந்தம்தான்.

பெங்களூரில் மகள் இருந்த அடுக்குமாடி வாசலில் ஆட்டோ நின்றது. வாட்ச்மேன் மாதப்பன் பாலக்கோட்டுக்காரர். ஊர்க்காரர் என்றதும் பாசமாக ஓடிவந்து கல்லைத் தோளில் ஏற்றிக்கொண்டார்.

மேலே எல்லோரும் வீட்டிலிருந்தார்கள். மாதவராஜ் உட்காரக்கூட இல்லை. சட்டைப்பையிலிருந்து தாளை எடுத்து, நிறுத்தி நிதானமாகப் படித்தார். காசியம்மாள் தலையைக் குனிந்துகொண்டார்.

"தெரியாமப் பேசிட்டங்க அண்ணா. மனசுல வெச்சிக்காதீங்க. மொதல்ல தண்ணி குடிங்க."

மாதவராஜ் சொம்பை வாங்கித் தலைநிமிர்ந்து குடித்தார். இத்தனை நாள் பட்ட பாடெல்லாம் அந்த ஒரு சொம்புத் தண்ணீரில் கரைந்தது.

"நாளைக்குக் காலையிலயே களியும் கடலைச் சட்னியும் போட்டுரலாங்க மாமா!" என்றார் கதிரவன், கல்லைத் தடவிப் பார்த்து. "தெனம் ஒரு சட்னி, பிரியா!"

பிரியதர்ஷினி கல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது.

"பாத்தீங்களா? பொறந்த வூட்டுச் சீருன்னா பொண்ணுக்குக் கண்ணு கலங்கிடுது" என்று சம்பந்தியம்மாவிடம் பெருமைப்பட்டார் மாதவராஜ்.

கல்லை இறக்கிவைத்த மாதப்பன், துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே அதன் கனத்தை விரலால் அளந்து பார்த்தார். பிறகு பிரியதர்ஷினியைப் பார்த்துப் பாவமாகச் சொன்னார்.

"போன கல்லவிட இது ரொம்பத் தடிமனா இருக்குதே பாப்பா, அன்னிக்கு மேல்வூட்டு மேஸ்திரிகிட்ட வாங்கியாந்து குடுத்த சம்மட்டி இதுக்குப் பத்தாதே!"