முந்நூறாவது உள்ளான்

"டேய் கோஸ்ஸே! பெரிய உள்ளான்டா! ஒத்தக் கால்ல நின்னு தூங்குது, ஓடி வா!"

போனில் வொப்பே கத்திய கத்தலில் கோஸ்ஸேயின் காதே அடைத்துப்போயிற்று. பெரிய உள்ளானாவது மண்ணாவது! அது மரம். அந்தக் காலத்தில் உப்புக்கொத்திப் பறவைகளை வலைக்கு இழுக்க நட்டுவைத்த மரப்பறவை ஒன்று கோஸ்ஸேயின் கொட்டகையில் கிடந்தது. அலகு ஒடிந்துபோனதால், தலையை முதுகுக்குள் புதைத்துத் தூங்குகிற மாதிரி செதுக்கி, வண்ணம் பூசி, நேற்று மத்தியானம் சேற்றுவெளியில் நட்டுவிட்டு வந்ததே அவன்தான்.

காரணம் இல்லாமலா? தெர்ஸ்கெல்லிங் தீவில் முந்நூறு வகைப் பறவை பார்த்தவர் படம் துறைமுகக் காப்பிக் கடையில் மாட்டப்படும். ஓய்வுபெற்ற தபால்காரன் கோஸ்ஸேக்கும் ஓய்வுபெற்ற ரொட்டிக்கடைக்காரன் வொப்பேக்கும் நாலு வருஷமாக இருநூற்றுத் தொண்ணூற்றொன்பதிலேயே வண்டி நின்றுவிட்டது. வொப்பேயைக் கொஞ்சம் குதிக்க வைத்துப் பார்க்கலாம் என்று ஒரு சின்ன ஆசை, அவ்வளவுதான்.

ஆனால் கோஸ்ஸே கடலணைக்குப் போய்ச் சேர்ந்தபோது அங்கே எண்பது பேர் நின்றார்கள்.

"யாருடா இவங்கல்லாம்?"

"விடியக்காலையில பாத்ததுமே பறவை பாக்கறவங்க குழுவுல சேதி போட்டேன். காலைக் கப்பல்லயே வந்துட்டாங்க. நீதான் எத்தன தடவ அடிச்சும் போன எடுக்கல" என்றான் வொப்பே. "சைபீரியாலேர்ந்து ஆஸ்திரேலியா போற பறவைடா! வழி தவறி நம்ம ஊருக்கு வந்திருக்கு. அந்தம்மா ஜெர்மனிலேர்ந்து எங்கயும் நிக்காம வண்டி ஓட்டிட்டு வந்திருக்காங்க."

கோஸ்ஸே மரப்பறவையைச் சத்தம் போடாமல் பிடுங்கி எடுத்துவிடலாம் என்று கூட்டத்தை விட்டு நழுவி, எல்லைக் கம்பத்தைத் தாண்டி ஒரு காலை வைத்தான்.

"அந்தக் கால எடுங்க!" சரணாலயக் காவலர் ஹிஸ்கே எங்கிருந்தோ முளைத்தாள். "பறவைங்க தூங்குற இடம், மனுஷன் போகக் கூடாதுன்னு தெரியாதா? நேத்தும் எவனோ உள்ள போயிருக்கான், சேறு பூரா பூட்ஸ் தடம். கையில கிடைக்கட்டும், வச்சுக்கறேன்."

கோஸ்ஸே தன் பூட்ஸைப் பார்த்தான். காலை இழுத்துக்கொண்டு கூட்டத்துக்கே திரும்பி வந்தான். ஹிஸ்கே தன் காவல் குடிலுக்குப் போனாள்.

வேறு வழி பார்த்தான். "ஏன்டா வொப்பே, அது அசையவே இல்லையே?"

"தூங்குறது எப்படிடா அசையும்? பொறாமையில பேசாதே. வந்து தொலைநோக்கில பாரு!"

"நான் பாக்க வேண்டியதில்ல."

"பாக்க மாட்டேங்கிறான், பாருங்க!" என்று வொப்பே ஊருக்கே கேட்கச் சொன்னான். எண்பது பேரும் கோஸ்ஸேயை ஏதோ அட்டைப்பூச்சியைப் போலப் பார்த்தார்கள். தான் பூசிய சாயத்தைத் தானே பார்த்து வாயைப் பிளக்க வேண்டுமா என்று அவன் கடலுக்கு முதுகைக் காட்டியே நின்றான்.

அதற்குள் கேக் வந்துவிட்டது. முந்நூறு தொட்டவன் வாங்கித்தர வேண்டும், அது தீவு வழக்கம். மேலே க்ரீமில் '300' என்று எழுதியிருந்தது. வொப்பே ஒரு தாளை நீட்டினான். தீவுக்காரர் ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும்.

"உன் கையெழுத்துதான்டா வேணும்" என்றான் வொப்பே. "நாப்பது வருஷம் உன்கூடத்தானே மழையில நனைஞ்சேன்? வேற எவன் போட்டாலும் எனக்கு இனிக்காது."

கோஸ்ஸேயின் நெஞ்சு கரைந்தேபோயிற்று.

"அது மரம்டா!" என்று அலறிவிட்டான். "நான்தான் செதுக்கினேன்! நான்தான் நட்டேன்!"

அப்புறம் நடந்ததைக் கேட்கவா வேண்டும்? எண்பது பேரும் தொலைநோக்கியை விட்டுவிட்டு அவனைச் சூழ்ந்துகொண்டார்கள். ஜெர்மன் அம்மாள் குடையை ஓங்கினாள். "வயசானவன்தானா நீ? வெட்கமா இல்ல?" என்று நாலு மொழியில் வசவு விழுந்தது. கால் மணி நேரம் திட்டிவிட்டு, மூட்டை கட்டிக்கொண்டு, அடுத்த கப்பலுக்குக் கிளம்பிவிட்டார்கள். கேக்கை ஒருவரும் தொடவில்லை.

வொப்பே மட்டும் அணையிலேயே உட்கார்ந்தான். குறிப்பேட்டை எடுத்து, பெரிய உள்ளானை இரண்டு கோடு போட்டு அடித்தான். பிறகு கேக்கில் ஒரு துண்டு வெட்டி கோஸ்ஸேயிடம் நீட்டினான்.

"தின்னு தொலை. சும்மா சொல்லக் கூடாது, நல்லாத்தான் செதுக்கியிருக்கே. எறகு கூட காத்துல ஆடின மாதிரி இருந்துச்சு."

"எறகா?" என்றான் கோஸ்ஸே. "நான் எறகு ஒண்ணும் வைக்கலையே."

அப்போது ஹிஸ்கே மூச்சு வாங்க வந்து, பையிலிருந்து மரப்பறவையை எடுத்து கேக் பக்கத்தில் டக்கென்று வைத்தாள்.

"யாரு வேலை இது? நேத்து சாயங்காலமே புடுங்கிட்டேன். அது கிடக்கட்டும், அவ்வளவு அபூர்வமான பறவை கண்ணு முன்னால எழுந்து பறந்து போகுது, எண்பது பேரும் அதுக்கு முதுகக் காட்டிக்கிட்டு அப்படி என்ன சண்டை?"