ஆறுமணிக்குருவியும் நூற்று நாற்பது புல் படங்களும்

முதலிலேயே ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இத்தனை வருடத்தில் நான் போய்வந்த அலுவலகப் பயணங்களில் பாதிக்கு மேல் பறவைகளுக்காகப் போனவை. (எங்கள் முதலாளி இதைப் படிக்க மாட்டார் என்ற தைரியத்தில் எழுதுகிறேன். அவர் பேப்பரில் ராசிபலனைத் தாண்டிப் போனதில்லை.) "எப்போது வருகிறீர்கள்?" என்று வெளியூர்க் கம்பெனியில் கேட்டால் மற்றவர்கள் காலண்டரைப் பார்ப்பார்கள். நான் அந்த ஊர் ஏரியில் எந்த மாதம் எந்தப் பறவை இறங்கும் என்று பார்த்துவிட்டு, "ஜனவரி இரண்டாவது வாரம் சார், அதுக்கு முன்னாடி சாம்பிள் ரெடியாகாது" என்பேன். சாம்பிள் நவம்பரிலேயே ரெடியாகி மூலையில் கிடக்கும்.

ஆசை இருந்த அளவுக்குத் திறமை இருந்ததா என்று கேட்காதீர்கள். முழங்கை நீளத்துக்கு ஒரு லென்ஸ் வைத்திருந்தேன். அதை மாட்டிக்கொண்டு நின்றால் பார்க்கிறவர்கள் மரியாதையாக ஒதுங்குவார்கள். பறவைகளும் ஒதுங்கிவிடும்.

எனக்குக் கோயம்புத்தூரில் வேலை. கார்க் கதவைச் சுற்றி ரப்பர் பட்டை ஒன்று ஓடுமே, பீடிங், அதைச் செய்கிற சின்னத் தொழிற்சாலை. சிங்கப்பெருமாள் கோவிலைத் தாண்டி இருக்கிற ஒரு பெரிய கார் கம்பெனி (பெயர் வேண்டாம், இன்னும் அங்கே போய்வர வேண்டியிருக்கிறது) தன் புதுக் காருக்கு எங்கள் பீடிங்கைப் பார்க்கச் சம்மதித்திருந்தது. முதலாளி என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். "இது கையை விட்டுப் போச்சுன்னா ரெண்டாவது ஷிஃப்டை மூட வேண்டியதுதானுங்க. பாத்துப் பேசிட்டு வாங்க" என்றார். இரண்டாவது ஷிஃப்ட் என்றால் இருபத்திரண்டு பேர். அத்தனை பேரும் எனக்குப் பழக்கம். பொறுப்பாகத் தலையாட்டிவிட்டு என் இடத்துக்கு வந்து மேப்பைத் திறந்தேன். அந்தக் கம்பெனியின் பின்சுவரை ஒட்டி ஒரு ஏரி! அதைச் சுற்றி மரங்கள்! குளிர்காலத்தில் ஆறுமணிக்குருவி வரக்கூடிய இடம்! காலையிலும் மாலையிலும் ஆறு மணி வாக்கில் கத்துகிற, பச்சை, நீலம், சிவப்பு என்று சாயப்பட்டறையில் விழுந்து எழுந்தது போலிருக்கும் அந்தக் குருவியை ஒரு முறையாவது படம் எடுத்துவிட வேண்டும் என்பது என் ஆயுள் லட்சியம்.

கிழக்குத் தாம்பரத்தில் அக்கா வீட்டில் தங்கினேன். மறுநாளுக்கான திட்டத்தை நிமிடக் கணக்கோடு அச்செடுத்து வைத்திருந்ததை அத்தான் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். திருநெல்வேலியை விட்டு வந்து முப்பது வருடமாகியும் கேலி செய்யும்போது மட்டும் அவருக்கு ஊர்ப்பேச்சு வந்துவிடும்.

"ஏல, மீட்டிங்குக்கு ஒரு வரிதான் இருக்கு. குருவிக்குப் பதினேழு வரி போட்டிருக்கியே?"

"மீட்டிங் பதினொரு மணிக்குத்தான் அத்தான். அதுவரைக்கும் சும்மாதானே இருப்பேன்?"

"சும்மா இரு. அதான் உனக்கு நல்லா வரும்" என்றார் அத்தான்.

கேட்டேனா? விடியற்காலை மின்சார ரயிலைப் பிடித்து, இறங்கி, ஆட்டோவில் போய், ஆறே காலுக்கு ஏரிக்கரையில் குப்புறப் படுத்துவிட்டேன். தலைக்கு மேல் அக்காவின் பழைய பச்சைத் திரைச்சீலை. குருவி நிஜமாகவே இருந்தது! சுவரோரமாகச் சருகைப் புரட்டிக்கொண்டு தத்தித் தத்திப் போனது. நூற்று நாற்பது படங்கள் எடுத்தேன். ஒரே ஒரு விஷயத்தை மட்டும் கவனிக்கவில்லை. ஏரிக்கரை சுவரைவிட உயரம். சுவருக்கு அந்தப் பக்கம், இன்னும் உலகத்துக்குக் காட்டாத அந்தப் புதுக் காரை, வடிவம் தெரியாதபடி உடம்பெல்லாம் ஸ்டிக்கர் ஒட்டி, ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் லென்ஸ் நேராக அதைப் பார்த்து நீட்டிக்கொண்டிருந்தது.

"இன்னா சார், இங்க படுத்துகினு இன்னா பண்றே?"

காக்கிச் சட்டை, கையில் வாக்கிடாக்கி. மூன்றாம் கேட் காவலாளி மாணிக்கம் அண்ணன்தான் அது என்று பிறகு தெரிந்தது. நான் திரும்பிக்கூடப் பார்க்காமல், "ஷ்ஷ்... பறந்துடும்" என்றேன். குருவி பறந்துவிட்டது. நான் மாட்டிக்கொண்டேன்.

உள்ளே கொண்டுபோய் உட்கார வைத்து என்னை விசாரித்த செக்யூரிட்டி ஆபீசர் ராணுவத்தில் இருந்து வந்தவர். மீசையே பாதி விசாரணையை முடித்துவிடும். என் போனை வாங்கி அதன் கேமராமேல் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டினார். உள்ளே காலெடுத்து வைக்கிற எல்லாருக்கும் இது உண்டு. வேலை பார்க்கிறவர்கள் அதைப் பிய்த்தால் சீட்டுக் கிழிந்துவிடும்.

"யார் அனுப்பினது?"

"கோயம்புத்தூர்ல எங்க கம்பெனி சார்."

"எதுக்கு?"

"உங்க கம்பெனிக்குத்தான் சார்."

என் பையில், பீடிங் செய்ய அவர்களே அனுப்பிய கார்க் கதவின் ரகசிய வரைபடம் இருந்தது. அதற்கு மேலேயே என் திட்டம். '6.15: சுவரோரம் மறைந்து படுத்தல். 11.00: உள்ளே நுழைதல்' என்று ஆபீசர் சத்தமாகப் படித்தார். எனக்கே என்னைப் பிடித்துக் கொடுக்கலாம் போலிருந்தது.

பதினொரு மணிக்கு நான் பார்க்க வேண்டிய தரப் பிரிவு மேடம், ஒன்பது மணிக்கே என்னைப் பார்க்க வந்தார். அறையில் இருந்த பெரிய டிவியில் என் படங்களை ஒவ்வொன்றாகப் போட்டார்கள்.

"இது என்ன?"

"கிளை மேடம். குருவி அதுல இருந்துச்சு."

"இது?"

"இப்பத்தான் பறந்துது."

நாற்பது, ஐம்பது, எண்பது... புல் மட்டும் பிரமாதமாக வந்திருந்தது. ஒவ்வொரு நுனியிலும் பனித்துளியை எண்ணலாம். குருவி ஒன்றில்கூட இல்லை. கடைசி ஆறு படங்களில் பின்னால் சாம்பல் நிறத்தில் ஏதோ பெரிதாக அப்பியிருந்தது. மேடம் கிட்டப் போய்ப் பார்த்தார். "இது நம்ம காரா?"

ஆபீசர் தலையைச் சாய்த்து வெகுநேரம் பார்த்தார். "எருமையா கூட இருக்கலாம் மேடம்."

அப்பாடா என்று மூச்சு விட்டேன். ஆனால் மேடம் என்னைப் பார்த்த பார்வை மாறியிருந்தது. "குருவி எடுக்க வந்தேன்னு சொல்றீங்க. நூத்தி நாப்பது படத்துல ஒரு குருவி கூட இல்லையே சார்?"

திறமையில்லாதது குற்றத்துக்குச் சாட்சியாகும் என்று எனக்கு அதுவரை தெரியாது. பதறிப்போய், அத்தானைக் கேட்டால் சொல்வார் என்றேன். ஸ்பீக்கரில் போட்டார்கள். அத்தான் சர்ச்சுக்கு ஒழுங்காகப் போகிறவர், பொய் பேச மாட்டார்.

"என் மச்சினன்தான் சார். நல்ல பையன். குருவிப் படமா? எடுக்கேன் எடுக்கேன்னு போவான். ஒண்ணையும் நாங்க பார்த்ததில்ல."

ஆபீசர் போலீஸுக்குச் சொல்லவா என்பது போல மேடத்தைப் பார்த்தார். எனக்கு அந்த இருபத்திரண்டு பேரின் முகமும் வரிசையாக வந்தது. பல வருடமாக அலுவலக வேலையைச் சாக்கு வைத்துச் சுற்றியவனுக்கு இது வேண்டியதுதான்; அவர்கள் என்ன பாவம் செய்தார்கள்? அவமானம் என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் முழுசாகத் தெரிந்தது.

"மேடம்" என்று கதவருகில் ஒரு குரல். மாணிக்கம் அண்ணன். "அவரு பொய் சொல்லல. குருவி கீது. டெய்லி நம்ம கேட்டாண்ட வரும்."

"நீ சொன்னா ஆச்சா?" என்றார் ஆபீசர்.

மாணிக்கம் அண்ணன் ஒரு நிமிடம் தரையைப் பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து மேடத்திடம் நீட்டினார். திரையில் விரிசல் விழுந்த பழைய போன். அதில் ஆறுமணிக்குருவி! கவிழ்த்துப்போட்ட பக்கெட்மேல் நின்று இவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. பச்சை முதுகும், நீலத் தோளும், வால் அடியில் சிவப்பும், கண்ணில் பொட்டு வெளிச்சமும்... அப்படி ஒரு படம் என் லென்ஸ் கனவிலும் கண்டதில்லை.

அதை எடுக்க அவர் சிவப்பு ஸ்டிக்கரைப் பிய்த்திருக்க வேண்டும். அது எல்லாருக்கும் புரிந்தது. அவருக்கும் தெரிந்துதான் காட்டினார்.

மேடம் போனை ஆபீசரிடம் கொடுத்து மெதுவாகக் கேட்டார்: "வெளிப்பக்கம் பார்த்துதானே எடுத்திருக்கார்?"

மீசை இரண்டு முறை ஏறி இறங்கியது. "ஆமா மேடம். ஏரிதான் தெரியுது." பிறகு மாணிக்கம் அண்ணன் பக்கம் திரும்பி, "போய்ப் புது ஸ்டிக்கர் ஒட்டிக்கோ" என்றார். அவ்வளவுதான். என் நூற்று நாற்பது படங்களையும் அழித்துவிட்டுக் கேமராவைத் திருப்பிக் கொடுத்தார்கள். பதினொன்றரைக்கு மீட்டிங் நடந்தது. மேடம் பீடிங்கை இரண்டு தடவை அளக்கச் சொன்னார். "ரிப்போர்ட்ல இருக்கிற போட்டோவெல்லாம் நீங்க எடுத்ததில்லையே?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன். ஆர்டர் கிடைத்தது.

திரும்பும்போது மூன்றாம் கேட்டில் மாணிக்கம் அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டேன். "உங்க வேலை போயிருக்குமேண்ணா. நான் யாரோ எவனோ."

"போயிருக்கும்தான். இன்னா பண்ண சொல்றே? குருவி கீதுன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சுகினு சும்மா நிக்க சொல்றியா?" என்றார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மறைக்கவும் தோன்றவில்லை. அந்த ஷிஃப்ட் இன்றைக்கும் ஓடுகிறது. அதில் ஒருவருக்கும் மாணிக்கம் என்றால் யாரென்று தெரியாது. நான்தான் போகிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

பிற்பாடு மேடமே சொல்லி, ஏரிப் பக்கம் படம் எடுக்க மாணிக்கம் அண்ணனுக்கு எழுத்தில் அனுமதி வாங்கிக் கொடுத்தார். அந்தப் பக்கெட் குருவி சட்டம் போட்டு எங்கள் வீட்டு ஹாலில் தொங்குகிறது. வருகிறவர்கள் அதையும் என் லென்ஸையும் பார்த்துவிட்டு, "பிரமாதமா எடுத்திருக்கீங்க சார்" என்பார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து என் மனைவியின் குரல் வரும். "இது மாணிக்கம் அண்ணன் எடுத்தது. இவர் எடுத்தது எருமை." அக்கா வீட்டில் இன்னும் மோசம். என்ன படத்தை நீட்டினாலும் அத்தான் தலையைச் சாய்த்துக்கொண்டு அந்த ஆபீசர் மாதிரியே பார்க்க ஆரம்பித்துவிடுவார்.

குருவி வந்து இறங்கியதும் மாணிக்கம் அண்ணனிடமிருந்து போன் வந்துவிடும். அதற்கப்புறம்தான் நான் டூருக்குத் தேதி குறிக்கிறேன். போன தடவையும் பேசினார்.

"சார், வந்துட்டுது. எப்ப வர்றே?"

"அடுத்த வாரம்ணா. கேமராவைத் துடைச்சு ரெடியா வெச்சிருக்கேன்."

அந்தப் பக்கம் அண்ணன் ஒரு முறை செருமிக்கொண்டார்.

"அத்த எதுக்கு சார் தூக்கிகினு வந்து கஷ்டப்படறே? நீ சும்மா வா. நான் எடுத்துக் குடுக்கறேன்."